டெரிக் டி சேரம்: 128 ஓட்டங்கள், ஒரு சதி, எங்களுக்குக் கிடைக்காத தீர்ப்பு

1934இல் பிராட்மன் அடங்கிய அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போனது. ஆஷஸை வென்றுகொண்டுதான் ஊர் திரும்பியது. டெஸ்ட் போட்டிகளுக்கு நடுவே கவுண்டி அணிகள், பல்கலைக்கழக அணிகள் என்று எல்லாரோடும் விளையாடுவது அந்தக் காலத்து வழக்கம். அப்படி ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தில், கொழும்பிலிருந்து படிக்கப் போயிருந்த 21 வயது மாணவர் ஒருவர் 128 ஓட்டங்கள் அடித்தார். அந்த இன்னிங்ஸில் அவருடைய அணியில் வேறு யாரும் 20ஐக்கூடத் தொடவில்லை. அந்தப் பருவத்தில்தான் அவர் முதல்தர கிரிக்கெட்டுக்கே வந்திருந்தார். வந்த முதல் ஆட்டத்திலேயே குளொஸ்டர்ஷயருக்கு எதிராக 176.

அவர் பெயர் பிரெடரிக் செசில் டி சேரம். எல்லாரும் டெரிக் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏறக்குறைய 28 வருசம் கழித்து, 1962 ஜனவரி 27ஆம் திகதி இரவு, இதே ஆள் ஒரு கேர்ணலாக நின்று, இலங்கையின் தெரிவுசெய்யப்பட்ட அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பார்த்தார்.

மஸ்கெலியாவில் இருந்துகொண்டு நாங்கள் ஏன் ஒரு கொழும்புக் கனவானின் கதையை எழுதுகிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவருடைய கதையின் கடைசிப் பகுதி லண்டனில் ஒரு நீதிமன்றத்தில் முடிகிறது. அதே நீதிமன்றத்தின் வாசலில் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் எங்கள் ஆட்களும் நின்றார்கள். அந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் முதலில் கிரிக்கெட்.

டி சேரம் 1912 செப்டெம்பர் 5ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். சட்டத்துறையில் பேர்பெற்ற குடும்பம். ரோயல் கல்லூரி, அதற்குப் பிறகு ஒக்ஸ்போர்டில் கேபிள் கல்லூரி. அந்த 1934 பருவத்தில் மட்டும் ஆயிரம் ஓட்டங்களுக்கு மேல் அடித்தார். நாட்டுக்குத் திரும்பி வந்து சட்டத்தரணியானார், தொண்டர் படையில் பீரங்கிப் பிரிவில் சேர்ந்தார், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பணியாற்றினார். அந்த வட்டத்தில் இது மூன்றும் தனித்தனி வேலை இல்லை. காலையில் நீதிமன்றம், பின்னேரம் மைதானம், வார இறுதியில் படைப்பயிற்சி. ஒரே ஆட்கள், ஒரே பாடசாலை டை, ஒரே கிளப்.

கிளப் என்றதும் ஒரு விசயம் சொல்லணும். அன்றைய கொழும்புக் கிரிக்கெட் கிளப்புகளின் பெயர்களைப் பாருங்கள்: சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப், தமிழ் யூனியன், பேகர் ரிக்ரியேசன் கிளப், மூர்ஸ், மலே. சனத்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்து மைதானத்தில் விரித்த மாதிரி இருக்கும். இதில் தோட்டத் தமிழருக்கு ஒரு கிளப் இல்லை. எங்கள் பக்கத்தில் கிரிக்கெட் இல்லாமல் இல்லை. டரவளையில் டிக்கோயா - மஸ்கெலியா கிரிக்கெட் கிளப் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஊர்ப் பேர் எங்களுடையது, ஆட்டம் தொரைமாருடையது. தொரைமாருக்குத் தனியாக ஒரு தொண்டர் படையும் இருந்தது, சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ் என்று. துப்பாக்கியும் துடுப்பும் ஒரே கையில் இருந்தது கொழும்பில் மட்டும் இல்லை.

1948 மார்ச்சில் பிராட்மனின் அணி இங்கிலாந்துக்குப் போகிற வழியில் கொழும்பில் இறங்கி ஆடியது. அந்த ஆட்டத்தில் இலங்கை அணித் தலைவர் மகாதேவன் சதாசிவம், ஒரு தமிழர். அதற்கு அடுத்து, 1949இல் தொடங்கி ஐம்பதுகளின் ஆரம்பம் வரை, இலங்கையின் தலைவராக டி சேரம் இருந்தார். அப்போது அவருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வயது. கண்டிப்பான ஆள் என்று பெயர்.

அந்த 1948, 1949 என்ற இரண்டு வருசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் பிறந்த யாருக்கும் அந்த வருசங்களை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, எங்கள் மஸ்கெலியாவில் ஜீ. ஆர். மோத்தா. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டும்தான் வாக்கு என்றார்கள். 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஒரு ஆசனமும் இல்லை. 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் ஏறக்குறைய 780,000 பேர், நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். அவ்வளவு பேரையும் ஓட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் வராமல் பண்ண இரண்டு வருசம் போதுமாக இருந்தது.

திரும்பவும் டி சேரத்திடம் வருவோம். 1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார், தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1960, 61இல் சிறிமாவோ அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைக் கையேற்றது. அதில் பெரும்பாலானவை கிறிஸ்தவப் பாடசாலைகள். 1961இல் வடக்கு கிழக்கில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகத்தை இராணுவத்தை அனுப்பி அடக்கினார்கள். ஆங்கிலம் பேசுகிற, தேவாலயத்துக்குப் போகிற, நல்ல பாடசாலையில் படித்த அதிகாரிகளுக்கு நாடு தங்கள் கையை விட்டுப் போகிறது என்று பட்டது. படைக்குள் பதவி உயர்வு யாருக்கு, இனி எப்படி என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

சதியில் சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தாலே அது தெரியும். டி சேரம் தொண்டர் படையின் துணைத் தளபதி. அவருக்கு மேலே இருந்த தளபதி கேர்ணல் மொரிஸ் டி மெல். மொரிசின் அண்ணன் தம்பி உறவில் ரியர் அட்மிரல் ரோய்ஸ் டி மெல். இவர் 1955இல் ரோயல் சிலோன் கடற்படையின் முதல் இலங்கையர் தளபதியானவர். 1960இல் அந்தப் பதவியில் இருந்து எடுக்கப்பட்டார், அவருடைய இடத்துக்கு ராஜன் கதிர்காமர் வந்தார். பொலிசில் இருந்து சி. சி. திசாநாயக்க, சிட்னி டி சொய்சா. திட்டத்துக்கு வைத்த பெயர் 'ஹோல்ட்பாஸ்ட்'. இறுகப் பிடி என்று சொல்லலாம். எதைப் பிடித்து வைக்கப் பார்த்தார்கள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

அன்றைக்கு இரவு அமைச்சர்களையும் இடதுசாரித் தலைவர்களையும் கைதுசெய்து, கொழும்பைப் பிடித்து வைத்துக்கொள்வது திட்டம். ஒரு வேட்டுக்கூட வெடிக்காமல் அது உடைந்தது. ஸ்டான்லி சேனாநாயக்க என்ற பொலிஸ் அதிகாரி மனைவியிடம் சொன்னார். விசயம் மாமனார் பி. டி எஸ். குலரத்னவிடம் போனது. அவர் நாடாளுமன்ற உறுப்பினர், அதைவிட முக்கியமாக ஆனந்தாக் கல்லூரியின் முன்னாள் அதிபர். அங்கிருந்து அரசாங்கத்துக்கு. ரோயல், சென் தோமஸ் ஆட்களின் சதியைக் கவிழ்த்தது ஆனந்தாவின் அதிபர் என்பதை யாராவது நாவலில் எழுதினால் ரொம்ப ஓவர் என்று சொல்லுவோம். விசாரணையை முன்னின்று நடத்திய பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் ரோயல் கல்லூரிக்காரர்தான். பிடிபட்ட டி சேரம் பொறுப்பை மற்றவர்கள் தலையில் கட்டாமல் தன் மேல் எடுத்துக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தார். இந்த இடத்தில் ஆள் மேல் ஒரு மரியாதை வரத்தான் செய்கிறது.

அதற்குப் பிறகு அரசாங்கம் செய்தது கிரிக்கெட் பாசையில் சொன்னால், ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றியது. 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியல் சட்டம் (விசேட ஏற்பாடுகள்) என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜனவரி 1ஆம் திகதியிலிருந்தே அமுலில் இருந்ததாக முன்திகதி போட்டார்கள். சாதாரண வழக்கில் ஏற்க முடியாத வாக்குமூலங்களை ஏற்கலாம் என்றார்கள். தண்டனைக்குக் கீழெல்லை பத்து வருசம், சொத்தும் பறிமுதல். யூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள், அந்த மூவரை நீதி அமைச்சர் தெரிவுசெய்வார்.

முதலில் நியமிக்கப்பட்ட மூன்று நீதிபதிகளும், அமைச்சர் எங்களைத் தெரிவுசெய்தது செல்லாது என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்கள். இரண்டாவது குழாமில் ஒரு நீதிபதி முன்னர் சட்டமா அதிபராக இருந்து இதே விசாரணைக்கு உதவியவர். அதுவும் கலைந்தது. மூன்றாவது குழாம் 1963 ஜூனில் தொடங்கி 324 நாள் அமர்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 24 பேர்: சிங்களவர் 12, தமிழர் 6, பறங்கியர் 6. மதம் என்று பார்த்தால் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். 1965 ஏப்ரல் 6ஆம் திகதி 11 பேருக்குப் பத்து வருசம் சிறை, சொத்துப் பறிமுதல். டி சேரமும் அதில் ஒருவர்.

அவர்கள் லண்டனில் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்தார்கள். சுதந்திரம் கிடைத்துப் பதினேழு வருசம் கழித்தும் எங்கள் கடைசி நீதிமன்றம் அங்கேதான் இருந்தது. 1965 டிசம்பர் 2ஆம் திகதி தீர்ப்பு வந்தது: லியனகே எதிர் அரசி. எல்லாரும் விடுதலை. நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான். இலங்கை அரசியலமைப்பில் நீதித்துறையின் அதிகாரம் நீதிபதிகளுக்கு மட்டும் உரியது. இந்தச் சட்டம் பொதுவான சட்டம் மாதிரி எழுதப்பட்டிருந்தாலும் குறிப்பிட்ட சில ஆட்களைக் குறிவைத்து, அவர்களைத் தண்டிப்பதற்காகவே செய்யப்பட்டது. ஆகவே செல்லாது. அரசாங்கம் முன்னமே ஒரு வெள்ளை அறிக்கையில் சதிகாரர்கள் என்று பெயர்களைப் போட்டிருந்தது. சட்டம் யாருக்காக வந்தது என்பதைக் கண்டுபிடிக்க நீதிபதிகள் கஷ்டப்படவேண்டி இருக்கவில்லை. இன்றைக்கும் பொதுநலவாய நாடுகளில் சட்டம் படிக்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

நாங்கள் இதைப் பிழையான தீர்ப்பு என்று சொல்ல வரவில்லை. சரியான தீர்ப்பு. அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பார்த்தவராக இருந்தாலும், அவருக்காகவே தைத்த சட்டத்தை அவர் கழுத்தில் மாட்டக்கூடாது. பிறகு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வாக்குமூலங்களின் பேரில் உள்ளே போன எங்கள் ஆட்களை நினைத்தால், 1962இல் போட்ட விதை எங்கெல்லாம் முளைத்தது என்று தெரியும்.

ஆனால் 1953க்குப் போவோம். கோடகன் பிள்ளை என்ற ஒருவர் ருவான்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தார். பதிவு அதிகாரி முதன்நாயக்க, நீ பிரஜை இல்லை என்று மறுத்தார். மறுபரிசீலனை அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் துணிந்து வேறு மாதிரிச் சொன்னார்: பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தமும் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு எதிரானவை. ஒரு சமூகத்துக்கு மட்டும் இடைஞ்சல் தருகிற சட்டத்தைச் செய்யக்கூடாது என்பது அந்தப் பிரிவு. சிறுபான்மைக்குப் பாதுகாப்பு என்று காட்டித்தான் சுதந்திரமே வாங்கினார்கள். உயர் நீதிமன்றம் சிவஞானசுந்தரத்தின் முடிவை ரத்துச் செய்தது. வழக்கு லண்டனுக்குப் போனது.

பிரிவிக் கவுன்சில் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. யார் தன் பிரஜை என்று முடிவுசெய்வது எந்த நாட்டுக்கும் உள்ள இயல்பான உரிமை என்றது. சட்டத்தில் இந்தியத் தமிழர் என்று ஒரு சொல்லும் இல்லை, எல்லாருக்கும் ஒரே நிபந்தனைதான். அதோடு 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கு என்று பதிவுசெய்யத் தனிச் சட்டமும் இருக்கிறதே, கதவு திறந்துதானே இருக்கிறது என்றது. அந்தக் கதவால் உள்ளே போக எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கடைசியில் கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்கு.

இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 1965இல் நீதிபதிகள் சட்டத்தின் எழுத்தைத் தாண்டி, அது யாரைக் குறிவைக்கிறது என்று பார்த்தார்கள். 1953இல் எழுத்தோடு நின்றுவிட்டார்கள். இரண்டு சட்டத்திலும் யாருடைய பெயரும் இல்லை. இரண்டும் யாருக்காக என்று கொழும்பில் பஸ்ஸில் போகிற ஆளுக்கும் தெரியும். 24 பேரைக் குறிவைத்த சட்டத்தின் குறி லண்டன் வரை தெரிந்தது. ஏழு இலட்சம் பேரைக் குறிவைத்த சட்டத்தின் குறி தெரியவில்லை. சட்டம் படிக்கிறவர்கள் குறுக்கே வந்து, முதலாவது நீதித்துறை அதிகாரம் பற்றியது, இரண்டாவது பாரபட்சம் பற்றியது, இரண்டும் வேறு வேறு கேள்வி என்பார்கள். வேறுதான். ஆனால் நோக்கத்தைத் தோண்டிப் பார்க்க ஒரு நீதிமன்றம் எப்போது மனம்வைக்கிறது என்பது சட்டக் கேள்வி மட்டும் இல்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஒரு பக்கம் அட்மிரல், கேர்ணல், ஒக்ஸ்போர்ட் துடுப்பாட்ட வீரர். ஆங்கில நீதிபதிகள் தங்கள் கிளப்பிலேயே சந்தித்திருக்கக்கூடிய ஆட்கள். இன்னொரு பக்கம் கொழுந்துக் கூடை.

இன்னொன்றும் பேசவேண்டியிருக்கிறது. 1962 சதி வென்றிருந்தால் சிறுபான்மையினருக்கு நல்லதாகப் போயிருக்கும், அந்தக் கனவான்கள் இனவாதிகள் இல்லை என்று பெரியவர்கள் சிலர் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறோம். ஆறு தமிழர் அதில் இருந்தார்களே என்பார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை. அந்த அதிகாரிகள் திரும்பிப் போக ஆசைப்பட்ட காலம் எது? 1956க்கு முந்தியது. சதியோடு சேர்த்துப் பேசப்பட்ட பெரிய பெயர்கள் யார்? ஆளுநர் நாயகம் சேர் ஒலிவர் குணதிலக்க, முன்னாள் பிரதமர்கள் டட்லி சேனாநாயக்க, சேர் ஜோன் கொத்தலாவல. ஒலிவர் அந்த வருசமே பதவியிலிருந்து போகவேண்டி வந்தது. டட்லியும் கொத்தலாவலையும் 1948இல் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்த டி. எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் இருந்தவர்கள். பறங்கியருக்கும் கொழும்புத் தமிழருக்கும் பொற்காலமாகத் தெரிந்த அந்த வருசங்கள்தான் தோட்டத்தில் நாடு போன வருசங்கள். சதிகாரர் உள்ளே போட நினைத்த இடதுசாரிகள்தான் 1948இல் அந்தச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர்கள்.

அதற்காகச் சிறிமாவோ பக்கம் எங்கள் பக்கம் என்று ஆகிவிடாது. சதி வழக்கு 324 நாள் நடந்துகொண்டிருந்த காலத்துக்குள்ளேதான், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேர் கணக்கு. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதே இடதுசாரி என். எம். பெரேரா அப்போது அந்த அரசாங்கத்தின் நிதி அமைச்சர். கொழும்பில் ஒரு பக்கம் 24 பேரின் வழக்கில் ஒவ்வொரு சாட்சியையும் நாள் கணக்காகக் குறுக்குவிசாரணை செய்தார்கள். ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பிரித்துக்கொடுக்க டெல்லியில் ஒருவரையும் விசாரிக்கவில்லை.

விடுதலையான டி சேரம் மறுபடி மைதானத்துக்குப் போனார். ரோயல் கல்லூரிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சதியைப் பற்றிய கதைகளைவிட அவர் வலைப்பயிற்சியில் காட்டிய கண்டிப்பைப் பற்றிய கதைகள்தான் கிரிக்கெட் வட்டாரத்தில் அதிகம். அந்த வருசங்களில்தான் ஹட்டன் ஸ்டேசனில் இருந்து தலைமன்னாருக்குக் கோச்சி ஏறத் தொடங்கினார்கள் எங்கள் ஆட்கள். 1969இல் மவுசாக்கலை அணை முடிந்து பழைய மஸ்கெலியா டவுனும் தண்ணிக்குள் போனது. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகிற வழியை மூடினார்கள், 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை.

1982 பெப்ரவரி 17ஆம் திகதி இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது. இடம், கொழும்பில் தமிழ் யூனியன் கிளப்பின் பழைய ஓவல் மைதானம். சதாசிவம் பிராட்மனோடு நாணயம் சுண்டிய அதே இடம். டெரிக் டி சேரம் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 1983 ஏப்ரல் 11ஆம் திகதி கொழும்பில் இறந்தார், 70 வயது. மூன்று மாதம் கழித்து ஜூலை வந்தது. மலையகத்தில் பிறந்த ஒருவர், முத்தையா முரளிதரன், இலங்கை டெஸ்ட் அணிக்குள் வர 1992 ஆகவேண்டியிருந்தது. மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கிற சட்டம் 2003இல் வந்தது. கோடகன் பிள்ளையின் வழக்குத் தள்ளுபடியாகி அப்போது ஐம்பது வருசம்.